சௌகார்பேட்டையில் மலிவாக வாங்குவதும் சாப்பிடுவதும்

கேள்வி: "சென்னை பாரிமுனை, சௌகார்பேட்டை பக்கம் போனால் எல்லாம் பாதி விலை என்கிறார்கள். போய்விட்டு வந்த சிலரோ 'அதெல்லாம் சும்மா, தி.நகர் விலைதான்' என்கிறார்கள். எது உண்மை? எங்கே, எப்படி வாங்குவது? அலைந்து களைத்தால் குறைந்த செலவில் என்ன சாப்பிடலாம்?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அங்கே ஒரே கடையில் ஒரே பொருளுக்கு மூன்று விலை உண்டு. ஒன்று எடுத்தால் ஒரு விலை, டஜன் எடுத்தால் ஒரு விலை, பெட்டியோடு எடுத்தால் இன்னொரு விலை. ஒன்று வாங்கியவர் "தி.நகர் விலைதான்" என்கிறார், டஜன் வாங்கியவர் "பாதி விலை" என்கிறார். அந்தத் தெருக்கள் வெளியூர்க் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பதற்காக இருக்கின்றன. ஒருவருக்கு நூறு டப்பா கட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு டப்பா கேட்டால், அதைத் தனியாக எடுத்து, பில் போட்டு, சில்லறை கொடுக்கும் வேலைக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். அதனால் கடைக்குள் நுழைந்ததும் "இது என்ன விலை?" என்று தொடங்காதீர்கள். "எத்தனை எடுத்தா ஹோல்சேல் ரேட் வரும்?" என்று கேளுங்கள். சில கடையில் ஆறு, சில கடையில் பன்னிரண்டு, சில கடையில் "ஹோல்சேல் மட்டும்தான்" என்று பதில் வரும். இந்த ஒரு கேள்வி தெரியாமல் அரை நாள் பேரம் பேசுபவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு வகுப்பில் 30 பேருக்குக் கொடுக்கச் சின்னப் பரிசு வேண்டும் என்று வையுங்கள். டஜன் 240 ரூபாய், உதிரியாக ஒன்று 30 ரூபாய் என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டு டஜனும் ஆறு உதிரியும் எடுத்தால் 660. மூன்று டஜனாகவே எடுத்தால் 720. அறுபது ரூபாயில் ஆறு பரிசு கூடுதலாகக் கிடைக்கிறது, அடுத்து வரும் பிறந்தநாள் ஒன்றுக்கு ஆகும். (விலைகள் கணக்குக்காகச் சொன்னவை.) பட்டியலை வீட்டிலேயே டஜன் கணக்கில் எழுதிக்கொண்டு போவது இதற்காகத்தான். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. பள்ளி நோட்டு, பென்சில், மளிகை, முந்திரி எதுவானாலும் ஒரே பில்லில் எடுத்து வீட்டுக்கு வந்து பிரித்துக்கொள்ளலாம்.

எந்தப் பொருளுக்கு எந்தத் தெரு என்பது அடுத்தது. என்.எஸ்.சி. போஸ் சாலை முதுகெலும்பு மாதிரி. மற்றவை அதிலிருந்து கிளை பிரிகின்றன. துணிக்கு கோடவுன் தெரு. காகிதம், அழைப்பிதழ், டைரி என்றால் ஆண்டர்சன் தெரு. உலர்பழம், மசாலா, மளிகை, பேக்கிங் சாமான் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் கொத்தவால் சாவடியைச் சுற்றியும். கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, மளிகை மொத்த வியாபாரம் அங்கேயே தங்கிவிட்டது. ஃபேன்சி பொருள், அலங்காரச் சாமான், பரிசுப் பொருள் நாராயண முதலி தெருவிலும் காசிச் செட்டி தெருவிலும். நாட்டு மருந்துக்கு பார்க் டவுன் பக்கம் கந்தகோட்டம் இருக்கும் ராசப்பச் செட்டி தெரு. கெமிக்கல், வாசனை எண்ணெய் வகைகளுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. தெருப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சில பெயர்ப் பலகைகளில் சாதிப் பின்னொட்டு இருக்காது. பலகையில் ஒரு மாதிரியும் கூகுள் மேப்பில் இன்னொரு மாதிரியும் இருந்தால் குழம்ப வேண்டாம், முன்பாதிப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே வழி காட்டிவிடுவார்கள்.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. 2019 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு இந்தக் கவலையே வேண்டாம். உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் பாரிமுனை, மண்ணடி நிலையத்தில் இறங்கினால் வடக்குப் பக்கம். புறநகர் ரயிலில் வருபவர்களுக்குக் கடற்கரை நிலையம். மொத்தக் கடைகள் பெரும்பாலும் காலை பத்து, பத்தரைக்குமேல்தான் திறக்கும், ஞாயிறு பெரும்பாலும் மூடல். பதினொன்றிலிருந்து ஒன்று வரை நல்ல நேரம். மாலை நான்குக்குமேல் வெளியூர்ப் பார்சல் கட்டும் அவசரம் தொடங்கிவிடும், உங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தெருவில் கால் வைக்கவே இடமிருக்காது, விலையும் இறங்காது. அதே தீபாவளிச் சாமானை ஆவணியில் போய் எடுங்கள். கடை திறந்த கையோடு போனால் போணி நேரம் என்பதை மனதில் வையுங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் விலை கேளுங்கள். போணியைக் கெடுத்துவிட்டுப் போனவருக்கு மறுபடி முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். வாங்குவதாக இருந்தால் அந்த முதல் வியாபாரத்துக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

பேரம் எங்கே செல்லும்? நடைபாதைக் கடையில் செல்லும். மொத்தக் கடையில் அளவைக் கூட்டினால்தான் விலை குறையும், வாயால் குறையாது. அங்கே கடைசியாகக் கேட்கத் தகுந்தது "ரவுண்டா போட்டுக்கோங்க" என்பது மட்டும். வாங்கியதைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் மூட்டை கட்டுவதற்கு முன்னால் கடையிலேயே எண்ணிப் பாருங்கள், பிரித்துப் பாருங்கள்.

துணியில் ஏமாறுவது பெரும்பாலும் பன்னாவில்தான், அதாவது துணியின் அகலத்தில். மீட்டர் விலையை மட்டும் கேட்டுவிட்டு மலிவு என்று எடுத்துவிடுகிறார்கள். சராசரி உடம்புக்கு முழுக்கைச் சட்டை தைக்க 58 அங்குலப் பன்னாவில் 1.60 மீட்டர் போதும். 36 அங்குலப் பன்னாவில் 2.25 முதல் 2.50 மீட்டர் வேண்டும். மீட்டர் 100 ரூபாய் என்று 36 அங்குலத்தில் 2.40 மீட்டர் எடுத்தால் 240 ரூபாய். மீட்டர் 140 ரூபாய் என்று 58 அங்குலத்தில் 1.60 எடுத்தால் 224 ரூபாய். "விலை கூடிய" துணிதான் மலிவு. பேன்ட்டுக்கு 58 அங்குலத்தில் 1.20 முதல் 1.30 மீட்டர். தையல்காரரிடம் முன்கூட்டியே அளவைக் கேட்டுக்கொண்டு போய்விடுங்கள்.

காட்டன் என்று சொன்னால் ஓரத்திலிருந்து நாலைந்து நூல் உருவித் தரச் சொல்லி, கடைக்கு வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கருமணியாக நிற்கும். கலப்பு என்றால் கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் மணியும் இருக்கும். கலப்பு கெட்ட துணி என்று அர்த்தமில்லை. பள்ளிச் சீருடைக்குக் கலப்புதான் கசங்காமல் உழைக்கும். காட்டன் விலை கொடுத்துக் கலப்பை எடுக்காமல் இருந்தால் சரி. சுத்தக் காட்டனை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகே வெட்டக் கொடுங்கள். கஞ்சி போய்த் துணி சுருங்குவது தைப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட வேண்டும். தானின், அதாவது சுருட்டி வைத்த முழு நீளத் துணியின், கடைசியில் மிஞ்சும் துண்டுகளை மலிவாகத் தள்ளுவார்கள். குழந்தைச் சட்டை, தலையணை உறை, லைனிங் இதற்கெல்லாம் அது போதும். வெளிச்சத்தில் விரித்து நெசவு விட்ட இடம், சாயத் திட்டு இருக்கிறதா என்று முழு நீளமும் பார்த்து வாங்குங்கள்.

ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்குபவர்களுக்கு ஒரு சின்னத் தராசுக் கணக்கு. ஏ4 ரீம் என்றால் 500 தாள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. 70 ஜிஎஸ்எம் ரீம் ஏறக்குறைய 2.18 கிலோ, 75 ஜிஎஸ்எம் 2.34 கிலோ, 80 ஜிஎஸ்எம் 2.50 கிலோ இருக்க வேண்டும். உறையில் 75 என்று போட்டு எடை 2.1 கிலோ காட்டினால், தாள் மெல்லியது அல்லது எண்ணிக்கை குறைவு. மெல்லிய தாள் ஜெராக்ஸ் மெஷினில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து போய்ச் சிக்கும், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். கல்யாணப் பத்திரிகைக்கு ஆளை எண்ணாதீர்கள், வீட்டை எண்ணுங்கள். 600 பேரை அழைக்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் 200, 250 வீடுதான் தேறும். அதற்குமேல் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஐம்பது போதவில்லை என்று மறுபடி போனால் அச்சுச் செலவு முதலிலிருந்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் அச்சகங்கள் சும்மா இருக்கும். அப்போது ஆர்டர் கொடுத்தால் விலையும் இறங்கும், புரூஃப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். போன வருட டிசைன் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், கொடுக்கும் விலையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெயர், நாள், மண்டப முகவரி, இனிஷியல் நான்கையும் வீட்டில் இருவராவது தனித்தனியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பகுதியின் பெரிய லாபம் முந்திரியிலும் மசாலாவிலும் இருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் அதிகம் இழப்பதும் அங்கேதான். முந்திரியின் தரத்தை W180, W240, W320 என்று சொல்வார்கள். அந்த எண், ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை பருப்பு என்பது. எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் அதிகம். 100 கிராம் நிறுத்து எண்ணினால் W180-ல் 37 முதல் 40 பருப்பு, W240-ல் 48 முதல் 53, W320-ல் 66 முதல் 70 வரும். W240 விலை சொல்லி 65 பருப்பு தந்தால் அது W320. எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும், கிலோ கணக்கில் வாங்குபவர் அவசியம் செய்ய வேண்டும். பாயசத்துக்கும் பொங்கலுக்கும் முழுப் பருப்பு எதற்கு? எப்படியும் உடைத்துத்தான் நெய்யில் வறுக்கிறோம். இரண்டாகப் பிளந்த பருப்பும் துண்டும் அதே ருசிதான், விலை நன்றாகக் குறையும். குருமாவுக்கு அரைக்கப் பொடித் துண்டே போதும். ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். கறகறவென்று உடைய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம், தொண்டையில் காறினால் பழசு.

கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்த கிராம்பு வற்றிச் சுருங்கி மங்கலாக இருக்கும், தண்ணீரில் போட்டால் படுத்தபடி மிதக்கும். நல்லது மூழ்கும் அல்லது நெட்டுக்குத்தாக நிற்கும். மிளகையும் தண்ணீரில் போடுங்கள். பப்பாளி விதை கலந்திருந்தால் மேலே வந்துவிடும். பட்டையில் இரண்டு வகை. தடித்து, ஒரே சுருளாக, மரப்பட்டை மாதிரி இருப்பது பெரும்பாலும் கேசியா. மெல்லிய தாள்களைச் சுருட்டியது மாதிரி அடுக்கடுக்காக, கையாலேயே நொறுங்குவது இலங்கைப் பட்டை. பிரியாணிக்குக் கேசியாவே காரசாரமாக இருக்கும் என்று விரும்புபவர்கள் உண்டு. அந்த விலைக்கு அதுதான் என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை. ஏலக்காயைக் காய் பெரிதாக இருக்கிறதே என்று எடுக்காமல் உரித்துப் பாருங்கள். விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக, காய் நிறைய இருக்க வேண்டும். பழுப்பாகக் காய்ந்து தோலுக்குள் உருண்டால் வாசனை போய்விட்டது. குங்குமப்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இழை போடுங்கள். நிறம் மெல்ல மெல்ல மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம்.

எவ்வளவு வாங்குவது என்பதிலும் மலிவு தொலையும். மூன்று மாதத்துக்குமேல் ஆகும் அளவை எடுக்காதீர்கள். கடலோர ஊரின் ஈரக்காற்றில் முந்திரி ஒரு மாதத்தில் நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் தாங்கும். மிளகாய், தனியா முழுதாக வாங்கி வெயிலில் காயவைத்து அரையுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். நிறுக்கும்போது தராசு பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு சேர்த்து நிறுப்பவரிடம் பெட்டியைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. கிலோ ஆயிரம் ரூபாய் முந்திரியில் 50 கிராம் அட்டைப்பெட்டி 50 ரூபாய்.

ராசப்பச் செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் 100 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். இந்தப் பகுதியில் ஒன்றிரண்டு வாங்குபவருக்கும் ஏற்ற தெரு என்றால் அதுதான். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் முழுதாக வாங்குங்கள். சீயக்காய்ப் பொடிக்கு ஓர் அளவு: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், வெந்தயம் 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 50 கிராம். இரண்டு நாள் நல்ல வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து மில்லில் அரையுங்கள். சீயக்காய்க்கென்று தனி மெஷின் இருக்கும் மில்லாகப் பார்த்துக் கொடுங்கள், மாவு மெஷினில் போடமாட்டார்கள். ஈரம் இருந்தால் பொடியில் இரண்டு மாதத்தில் பூச்சி வரும். ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சமையலுக்கான பச்சைக் கற்பூரம் வேறு, பூஜைக்கு ஏற்றும் கற்பூரம் வேறு. பின்னது வயிற்றுக்குள் போனால் விஷம், குழந்தைகளுக்கு உயிராபத்து. கேட்கும்போதே "சர்க்கரைப் பொங்கலுக்குப் போட" என்று சொல்லி வாங்கி, டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

எவர்சில்வர் பாத்திரம் மொத்தக் கடைகளில் எடைக்கு வரும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சில்வர் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அது பாதிதான் சரி. 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, அதைவிட மலிவான 202 தரத்திலும் ஒட்டாது. அடித்து வளைத்த ஓரத்தில் 304-ல்கூட லேசாக ஒட்டும். அதனால் தரத்தைக் கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் 202 விலைதான் கொடுக்க வேண்டும். புளி, மோர் வைக்கும் பாத்திரத்துக்கு 304 எடுங்கள். தட்டு, டம்ளருக்கு மற்றது போதும். எடைக்கு வாங்கும்போது தடித்த பாத்திரம் விலை கூடும். அடுப்பில் ஏற்றுவது தடிமனாகவும், அலமாரியில் வைப்பது மெல்லியதாகவும் பிரித்து எடுத்தால் பில் குறையும்.

ராஜாஜி சாலையோரத்தில் இருக்கும் பர்மா பஜாரில் போன் சாமான் வாங்குபவர்களுக்கு இரண்டே வார்த்தை. வாரண்டி இருக்காது என்று நினைத்துக்கொண்டே விலை பேசுங்கள், அங்கேயே சொருகி ஓடவிட்டுப் பாருங்கள். பவர் பேங்கைக் கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும். 10,000 எம்ஏஎச் என்று போட்டு 150 கிராம்கூட இல்லை என்றால் அந்த அளவு பேட்டரி உள்ளே இருக்க வழியில்லை. பிஐஎஸ் தரச்சான்று முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள், படுக்கைப் பக்கத்தில் சார்ஜ் போட்டு வைக்கும் சாமான் அது.

இனி சாப்பாடு. அந்தத் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் லோடு தூக்குகிறார்கள், கடையில் நிற்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். அவர்கள் தினமும் சாப்பிடும் விலையில், அவர்கள் சாப்பிடும் நேரத்தில் போனால் மலிவாகவும் சூடாகவும் கிடைக்கும். இரண்டு பேர் முந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு மாலை முழுக்கச் சாப்பிடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டவர் மற்றதையெல்லாம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

காலையில் மின்ட் தெருவுக்கு, அதாவது தங்கசாலைத் தெருவுக்குப் போங்கள். கச்சோரியும் ஜிலேபியும் வாணலியிலிருந்து இறங்கும் நேரம் அது. காக்கடா ராம்பிரசாத் கடையின் ஜிலேபியும் பாதாம் பாலும் ஊரறிந்தவை. ஜிலேபியை நூறு கிராம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள், வீட்டுக்குக் கொண்டு போனால் நமுத்துவிடும். மதியத்துக்கு ராஜஸ்தானி போஜனாலயங்களில் பருப்பு, சப்ஜியோடு சுடச்சுட ஃபுல்கா போட்டுக்கொண்டே இருப்பார்கள். பசியோடு போனால் கொடுத்த காசுக்குமேல் கிடைக்கும் சாப்பாடு. வெங்காயம் பூண்டு வேண்டாதவர்கள் இந்தத் தெருக்கள் எங்கேயும் "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எல்லாவற்றிலும் மலிவு அம்மா உணவகம். 2013-ல் தொடங்கியபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மூடும் நேரத்துக்குப் போனால் தீர்ந்திருக்கும். காலை எட்டரைக்குள்ளும் மதியம் ஒன்றுக்குள்ளும் போய்விடுங்கள், சில்லறையாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறுக்குமேல் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. இட்லியும் ஊத்தப்பமும்தான், இரண்டிலும் பொடியும் நெய்யும் தாராளம். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் கல் பெரிது, சீக்கிரம் நகரும். மின்ட் தெரு பக்கம் முறுக்கு சாண்ட்விச் தேடிப் பிடியுங்கள். ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டை முறுக்கு, நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, மேலே துருவிய சீஸ். கையில் வாங்கிய இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் முறுக்கு ஊறிக் கூழாகிவிடும்.

இவ்வளவு சொன்னதில் ஒன்றை மட்டும்தான் சாப்பிட முடியும் என்றால் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடுங்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்து வந்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி வந்து இறங்கிய துறைமுகத்துக்கு எதிரில்தான் அத்தோ வண்டிகள் நிற்கின்றன. 1969-ல் பர்மா பஜார் அமைந்ததும் அவர்களுக்காகத்தான். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் மாலையில் போனால் வரிசையாகத் தெரியும். வேகவைத்த தடித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, பொடியாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டெண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். மேலே தட்டை மாதிரி மொறுமொறுவென்றிருக்கும் பேஜோவை நொறுக்கித் தூவி, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருவார்கள். அத்தோ ஆறியே இருக்கும், சூப் கொதிக்கும். ஒரு வாய் அது, ஒரு மடக்கு இது. சூப் தீர்ந்தால் கேளுங்கள், ஊற்றுவார்கள். மசாலா முட்டையையும் விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் வைத்து, புளித்தண்ணீரும் காரமும் விட்டுக் கையில் தருவார்கள், அப்படியே முழுதாக வாயில் போட வேண்டும்.

அத்தோவில் கோஸ் பச்சையாகச் சேர்வதால் கூட்டம் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். கூட்டம் இருந்தால் நறுக்கிய கோஸ் கால் மணி நேரத்துக்குமேல் காத்திருக்காது. நூடுல்ஸில் புளித்த வாடை வந்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். பார்சல் என்றால் சூப், பேஜோ, புளித்தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, வீட்டில் கலந்துகொள்ளுங்கள். காரம் குறைய வேண்டுமானால் பிசைவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பானிபூரி சாப்பிடும் ஆசை வந்தால், புதினாத் தண்ணீர் கேன் தண்ணீரில் கலந்ததா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். சித்திரை வெயிலில் வயிறு கெடுவது பூரியால் இல்லை, அந்தத் தண்ணீராலும் ஐஸாலும்தான். ரமலான் மாதத்தில் போனால் மண்ணடிப் பக்கம் மாலையில் நோன்புக் கஞ்சியும் சமோசாவும் தெருவெங்கும் இருக்கும், இரவு வெகுநேரம் வரை கடை நடக்கும்.

மூட்டை பெரிதாகிவிட்டால் மீன்பாடி வண்டிக்காரரிடம் கூலியை ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஸ்டேஷன் வாசல் வரையா, படியேற்றியும் தருவாரா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். வெளியூர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அங்கேயே பார்சல் சர்வீஸ் ஆபீஸ்கள் இருக்கின்றன. கடைக்காரரிடமே "எங்க ஊருக்கு யார் மூலமா அனுப்புறீங்க?" என்று கேட்டால் சொல்வார். மூட்டையின் இரண்டு பக்கமும் பெயர், ஊர், போன் நம்பர் மார்க்கரில் எழுதி, ரசீதைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சாமானும் மசாலாவும் ஒரே மூட்டையில் போகக்கூடாது.